உள்நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா? பழைய கார் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் நும்மி என்றொரு கார் ஆலை 1984 முதல் 2010 வரை இயங்கியது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் (ஜி.எம்.) ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலை அது. டொயோட்டா கொரோலாவும், அதே காரின் உடன்பிறப்பாக ஜி.எம். விற்ற ஜியோ பிரிஸமும் அங்கே ஒரே கூரையின் கீழ், ஒரே தொழிலாளர்கள் கையால் உருவாயின. பிரிஸம் பிறகு ஷெவர்லே பெயரிலும் விற்கப்பட்டது. இன்ஜின், கியர்பாக்ஸ், அடிப்பகுதி எல்லாம் ஒன்றுதான். முகப்பும் விளக்குகளும் சின்னமும்தான் வேறு. அப்படியிருந்தும் பழைய கார் சந்தையில் கொரோலாவுக்கு ஒரு விலை, பிரிஸமுக்கு அதைவிடக் குறைந்த விலை.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை இந்த ஒரு விஷயம்தான். மறுவிற்பனை விலை சின்னத்தின் பின்னால் போகிறது. வண்டியின் உழைப்பு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தயாரிப்பு ஆண்டையும் சார்ந்திருக்கிறது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போகும். பிரிந்து போகும் இடங்களும் உண்டு. கவனமாக வாங்குபவருக்கு லாபம் அங்கேதான்.

படி 1: எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்?

காரைத் தேடுவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். இதற்குப் பதில் இல்லாமல் "எதற்கு ரீசேல் அதிகம்?" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். புதிய காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். இவை விஷயம் புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். பெயர் பெற்ற பிராண்டின் மூன்று வருடப் பழைய கார் 75-க்குக் கிடைக்கிறது. பெயர் குறைந்த பிராண்டின் அதே வயதுக் கார் 50-க்குக் கிடைக்கிறது. இன்னும் மூன்று வருடம் ஓட்டி விற்றால் முதல் கார் 55-க்கும் இரண்டாவது 33-க்கும் போகும் என்று கொள்வோம். விலைச்சரிவு முறையே 20, 17. ரிப்பேர் செலவு 4, 8. மொத்தம் 24-க்கு 25. கிட்டத்தட்ட சமம்தான், பெயர் பெற்ற கார் ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது. விற்பதும் சுலபம்.

அதே இரண்டு கார்களையும் ஒன்பது வருடம் ஓட்டுங்கள். முதல் கார் 25-க்கும் இரண்டாவது 10-க்கும் போகிறது. சரிவு 50, 40. ரிப்பேர் 18, 24. மொத்தம் 68-க்கு 64. இப்போது மலிவுக் கார் முந்துகிறது. ஆரம்பத்திலேயே 25 பங்கு பணம் கையில் மிஞ்சியதும், கடன் எடுத்திருந்தால் அதற்கான வட்டி மிச்சமும் தனி.

எனவே, இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுபவர் சின்னத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்; விற்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பி வரும். ஓய்ந்து போகும்வரை ஓட்டுபவர் சின்னத்துக்குக் கொடுக்கும் பணம் திரும்பி வராத பணம். ஆனால் மலிவுக் காரில் பெரிய கியர்பாக்ஸ் வேலை ஒன்று வந்தால் இந்தக் கணக்கு அடியோடு புரண்டுவிடும். அதனால்தான் மூன்றாவது படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்கச் சொல்கிறேன்.

படி 2: அது உண்மையில் எந்த ஊர்க் கார்?

பெயரை வைத்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். ஹோண்டா 1982-லேயே ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் அக்கார்டு தயாரிக்கத் தொடங்கிவிட்டது. பி.எம்.டபிள்யூவின் பல எக்ஸ் வரிசைக் கார்கள் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கிலிருந்து வருகின்றன. "அமெரிக்கக் கார்" என்று விற்ற ஃபோர்டு ஃப்யூஷன் மெக்சிகோவில் தயாரானது. இந்தியாவில் டொயோட்டா சின்னத்தோடு ஓடும் கிளான்சா, மாருதி சுசூகி தயாரிக்கும் பலேனோவேதான். செக் குடியரசின் கோலின் நகர ஆலையில் 2005 முதல் டொயோட்டா அய்கோ, பெஷோ 107, சிட்ரோயன் சி1 மூன்றும் ஒன்றாகவே வெளிவந்தன.

வண்டியில் பொறித்திருக்கும் 17 இலக்க வின் எண்ணை (வாகன அடையாள எண்) பாருங்கள். விண்ட்ஷீல்டின் கீழ் ஓரத்தில் அல்லது டிரைவர் கதவுச் சட்டத்தில் இருக்கும். முதல் எழுத்து அல்லது எண் தயாரிப்பு நாட்டைக் குறிக்கும். 1, 4, 5 என்றால் அமெரிக்கா; 2 கனடா; 3 மெக்சிகோ. ஜே ஜப்பான், கே தென் கொரியா, டபிள்யூ ஜெர்மனி, எல் சீனா. எம் என்றால் இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகியவற்றில் ஒன்று. இரண்டாவது எழுத்துதான் எது என்று சொல்லும். பூஜ்ஜியத்தோடும் ஒன்றோடும் குழம்பக்கூடாது என்பதால் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் வின் எண்ணில் வரவே வராது. வந்திருந்தால் எண்ணில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். சில ஐரோப்பிய நிறுவனங்கள் வேறு நாட்டில் தயாரான காருக்கும் தாய்நாட்டு எழுத்தையே போடுவதுண்டு. ஆகவே ஆலையைக் குறிக்கும் 11-ஆவது இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இதெல்லாம் எதற்கு? பிறந்த நாட்டை வைத்துத் தரத்தை அளப்பதற்கு அல்ல. நும்மி இயங்கிய அதே கட்டடத்தை ஜி.எம். 1982-ல் மூடியபோது அது மோசமான தரத்துக்குப் பெயர் பெற்ற ஆலை. கூட்டு நிறுவனமாகத் திறந்தபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான். மாறியது வேலை செய்யும் முறை, தரமும் மாறியது. நாம் தேடுவது உடன்பிறப்புக் கார்களை. உங்களுக்குப் பிடித்த விலையுயர்ந்த பெயருக்கு, வேறு பெயரில் மலிவாக ஒரு தம்பி இருக்கிறானா என்று பாருங்கள். பழைய கார் சந்தையில் இதைவிட நேரடியான லாபம் வேறு இல்லை என்பது என் கருத்து.

படி 3: இன்ஜின், கியர்பாக்ஸ், தயாரிப்பு ஆண்டு

"ஜப்பான் வண்டி உழைக்கும், ஐரோப்பிய வண்டி கையைக் கடிக்கும், உள்ளூர் வண்டி அடிக்கடி மக்கர் பண்ணும்." எந்த நாட்டிலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். சராசரியில் இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் நீங்கள் சராசரியை வாங்கப் போவதில்லை, ஒரு குறிப்பிட்ட காரை வாங்கப் போகிறீர்கள்.

உதாரணங்கள் ஏராளம். ஹோண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த ஒடிசி, ஆறு சிலிண்டர் அக்கார்டு போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்ட பெயர் வாங்கியது. நிறுவனமே வாரண்டியை நீட்டிக்க வேண்டியிருந்தது. நிசான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி. (தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்கு வாரண்டியை 10 வருடம் அல்லது 1,20,000 மைல் என நீட்டித்தது. டொயோட்டா டகோமா பிக்கப்பின் அடிச்சட்டம் துருப்பிடித்து நீதிமன்ற உடன்பாடு வரை போனது. அந்த வண்டியின் மறுவிற்பனை விலையோ எப்போதும் உச்சத்தில். ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 இன்ஜின் பொருத்திய கார்கள் பழுதுபார்க்க 2015-லும் 2017-லும் திரும்ப அழைக்கப்பட்டன (ரீகால்). ஃபோர்டு ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வந்த பவர்ஷிஃப்ட் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் அதிர்வுக்கும் தடுமாற்றத்துக்கும் பேர்போனது. ஃபோக்ஸ்வாகன் தன் ஏழு வேக உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக 2013-ல் உலகெங்கும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது.

ஜப்பான், கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி என்று எல்லாமே இந்தப் பட்டியலில் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள்: இவற்றில் பாதிக்கு மேல் கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டவை. அதே ஃபோகஸை மேனுவல் கியரோடு வாங்கினால் அந்தத் தலைவலியே இல்லை. ஆனால் சந்தை "ஃபோகஸா, வேண்டாம்" என்று மேனுவலையும் சேர்த்தே விலை குறைத்துவிடுகிறது. பெயருக்கும் உழைப்புக்கும் நடுவே இடைவெளி விழும் இன்னொரு இடம் இது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பார்க்கும் காரின் இன்ஜின் குறியீட்டையும் கியர்பாக்ஸ் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியீட்டுக்கு என்ன புகார்கள், எந்த ஆண்டில் தொடங்கின, எந்த ஆண்டில் நிறுவனம் பாகத்தை மாற்றியது என்று தேடுங்கள். புதிய தலைமுறை வெளிவந்த முதல் வருடக் காரைத் தவிர்ப்பது பொதுவாக நல்லது. ஒரே தலைமுறையின் கடைசி இரண்டு வருடங்களில் குறைகள் பெரும்பாலும் சரியாகியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அடுத்த தலைமுறை வந்தவுடன் "பழைய ஷேப்" என்று விலை சரிவதும் அந்தக் கடைசி வருடக் கார்களுக்குத்தான். நீண்ட நாள் ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

கூடுதல் வசதிகளில் எச்சரிக்கை. ஏர் சஸ்பென்ஷன், பனோரமா கூரை, மின்சாரத்தில் ஓடும் பின்கதவு, டர்போ இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போகும் இறக்குமதி சொகுசுக் கார்கள் ஏழாவது வருடத்தில் மலிவாகத் தெரியும். விலை பாதிக்குக் கீழே போயிருக்கும். பாகங்களின் விலை ஒரு பைசா குறைந்திருக்காது. பழைய சொகுசுக் காரை வாங்குவது யானையை இனாமாகப் பெறுவது மாதிரி, தீனி இனாம் இல்லை.

படி 4: தர அறிக்கைகளைப் படிக்கும் முறை

நம்பகத்தன்மைப் பட்டியல்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் அளப்பது வேறு வேறு. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவரின் வாகன நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று வருடம் ஓட்டிய உரிமையாளர்கள் சொல்லும் குறைகளை 100 வண்டிக்கு எத்தனை என்று கணக்கிடுகிறது. அதில் ப்ளூடூத் இணையவில்லை என்பதும் ஒரு குறை, கியர்பாக்ஸ் போனதும் ஒரு குறை. பட்டியலில் கீழே இருக்கும் பிராண்ட் திரையால் கீழே போனதா, இன்ஜினால் போனதா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஜெர்மனியின் வாகனச் சோதனை அமைப்பான டியூவின் அறிக்கை கட்டாயச் சோதனையில் கண்ட குறைகளைச் சொல்கிறது. பிரேக், சஸ்பென்ஷன், விளக்கு, எண்ணெய்க் கசிவு போன்றவை அதில் தெரியும். சோதனைக்கு முன்பே ரிப்பேர் பார்த்த கியர்பாக்ஸ் தெரியாது. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி. நடுவழியில் நின்ற வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. அங்கே முதல் காரணம் பெரும்பாலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் உறுப்பினர்களைக் கேட்டு இன்ஜின், கியர்பாக்ஸ், மின்சாரம் என்று பகுதி பகுதியாகத் தருகிறது. பழைய கார் வாங்குபவருக்கு இந்த வகை அறிக்கைதான் அதிகம் உதவும்.

பிராண்ட் தரவரிசையை விட்டுவிட்டு மாடல், ஆண்டு வாரியாகப் படியுங்கள். இரண்டு அறிக்கைகள் ஒரே குறையைச் சொன்னால் நம்பலாம்.

படி 5: பாகமும் மெக்கானிக்கும்

கார் எவ்வளவு உழைத்தாலும் பாகம் தேயும். பாகம் கிடைக்க எத்தனை நாள், யாருக்கு அதை மாட்டத் தெரியும் என்ற இரண்டு கேள்விகளில்தான் உள்நாடு, வெளிநாடு என்ற வித்தியாசம் உண்மையிலேயே கனமாகிறது. சாலையில் அதிகம் ஓடும் மாடலுக்கு வெளிக் கம்பெனி பாகங்கள் கிடைக்கும், பழைய பாகக் கடையில் உடைத்த வண்டி கிடைக்கும், தெருமுனை மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம் இருக்கும்.

வாங்கும் முன் ஒரு சிறு சோதனை. முன்பக்க பம்பர், ஹெட்லைட், ஏ.சி. கம்ப்ரஸர், கிளட்ச் செட் ஆகிய நான்குக்கும் விலையும் கிடைக்கும் நாளும் கேளுங்கள். பிரேக் பேட் எல்லாக் காருக்கும் கிடைக்கும், அதைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

உள்நாட்டுக் கார் என்றால் என்றைக்கும் பாகம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் அந்த நாட்டின் அடையாளமாகவே இருந்தது. அதன் கடைசி ஆலை 2017 அக்டோபரில் மூடப்பட்டது, 2020-ல் பெயரையே விலக்கிக்கொண்டார்கள். குறைந்தது பத்து வருடம் பாகங்கள் தருவோம் என்று ஜி.எம். அறிவித்தது. பிராண்ட் நாட்டை விட்டுப் போகும்போது விலை உடனே சரியும், பாகம் மெதுவாகத்தான் மறையும். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, ஸ்வீடனின் சாப் கார் நிறுவனம் 2011-ல் திவாலானது. இப்படிப்பட்ட பிராண்டின் பரவலாக விற்ற மாடல், மலிவாகவும் பல வருடம் ஓடக்கூடியதாகவும் இருக்கும். சொற்பமாக விற்ற மாடல் வேண்டவே வேண்டாம்.

படி 6: பயன்படுத்திய நிலையில் இறக்குமதியான கார்

ஜப்பானில் ஓடி, ஏலத்தில் விற்று, கப்பலில் வந்த கார்கள் பல நாடுகளில் சாதாரணம். அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

ஏலத் தாளைக் கேளுங்கள். அதில் மொத்த மதிப்பெண் 4, 4.5 என்றால் நல்ல நிலை, 3.5 என்றால் கீறல், சொட்டை எதிர்பார்க்கலாம்; ஆர் என்றால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்தது. காரின் வரைபடத்தில் ஏ என்பது கீறல், யூ சொட்டை, டபிள்யூ டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த இடம், எக்ஸ் எக்ஸ் மாற்றிய பலகம். விற்பவர் காட்டும் நகலை அப்படியே நம்பாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து வேறு வழியில் சரிபாருங்கள். தாளில் உள்ள கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒப்பிடுங்கள்; கப்பல் ஏறிய பிறகு மீட்டரைத் திருப்புவது பழைய தொழில்.

ஜப்பான் உள்நாட்டுக் கார்களில் 17 இலக்க வின் இருக்காது, குறுகிய சேஸிஸ் எண்தான். அதனால் உங்கள் நாட்டு ரீகால் தேடலில் அது அகப்படாமல் போகலாம். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளின் விவகாரம் நினைவிருக்கும். உலகெங்கும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகம்) திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து உள்ளே இருக்கும் ரசாயனத்தைக் கெடுத்துவிடும். பழைய இறக்குமதிக் காரில் இது மாற்றப்பட்டதா என்பதைத் தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் சேஸிஸ் எண்ணை வைத்துச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஜப்பானிய ரேடியோவின் எஃப்.எம். அலைவரிசை வேறு, மெனு ஜப்பானிய மொழியில் இருக்கும். எதிர்ப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்த காரின் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ஹைபிரிட் என்றால் பேட்டரிச் சோதனை அறிக்கை இல்லாமல் விலையே பேச வேண்டாம்.

இறக்குமதி விதி மாறினால் விலையும் தலைகீழாகும். இலங்கை 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களின் விலை எகிறியது. 2025-ல் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அரசாணையால் ஏறிய விலையை நம்பிக் கார் வாங்குபவர் இன்னொரு அரசாணைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

படி 7: மறுவிற்பனை விலையை நீங்களே அளந்துகொள்வது

யாரோ வெளியிடும் சதவீதத்தைவிட உங்கள் சந்தை விளம்பரங்கள் நம்பகமானவை. ஒரே மாடலின் 3, 5, 8 வருடக் கார்களுக்கு வயதுக்குப் பத்துப் பத்து விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக அதிகம், மிகக் குறைவு இரண்டையும் கழித்துவிட்டு நடுவிலையை எடுங்கள். அதை, புதிதாக வாங்கியவர் தள்ளுபடி போக உண்மையில் கொடுத்த விலையால் வகுக்க வேண்டும். பெரிய தள்ளுபடியில் விற்ற காரை அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டால் சரிவு பயங்கரமாகத் தெரியும், பாதி பொய். விளம்பர விலை கேட்கும் விலைதான் என்பதால் எல்லாவற்றிலும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே விளம்பரம் எத்தனை வாரமாகக் கிடக்கிறது என்றும் பாருங்கள். நகராத வண்டிக்கு எழுதியிருக்கும் விலை விலையே அல்ல.

படி 8: நேரில் பார்க்கும்போது

இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மீட்டர் 20,000 என்று காட்டும் காரில் மூன்றாவது ஜோடி டயர் எப்படி வந்தது என்று கேட்க இது போதும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற கார் என்றால் அடியில் சேற்றுக் கறை தெரியும். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரில் பிழைக் குறியீடு இல்லை என்பதோடு நிற்காமல், கார் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால் யாரோ சற்று முன்புதான் பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சூடான பிறகுதான் கியர் தடுமாற்றம் வெளியே வரும். கடைசியில், விற்பவருக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். இதற்கு மறுப்பவரிடம் வாங்க ஒரு காரணமும் இல்லை.

படி 9: பேரமும், பின்னாளில் விற்பதும்

வாங்கும்போது சந்தையின் பயத்தை விலையில் காட்டுங்கள்: "இதற்கு ரீசேல் இல்லை, பாகம் கிடைக்காது, நான் விற்கப் போனால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்பது நியாயமான பேரம்தான். நீங்கள் ஏற்கெனவே பாகம் விசாரித்து, கியர்பாக்ஸ் நல்ல வகை என்று தெரிந்து வந்திருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விற்கும்போது அதே பயம் உங்கள் பக்கம் திரும்பும். அதற்கு ஒரே மருந்து காகிதம். ஒவ்வொரு சர்வீஸ் பில், கியர் ஆயில் மாற்றிய தேதி, ரீகால் வேலை முடிந்த சான்று, இறக்குமதி என்றால் சுங்க ஆவணமும் ஏலத் தாளும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பெயர் இல்லாத காருக்கு இந்தக் கோப்புதான் பெயர். புதிய தலைமுறை வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் விற்றுவிடுங்கள், ஷோரூமுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். டைமிங் பெல்ட், பெரிய சர்வீஸ் ஆகியவை நெருங்கும் கிலோமீட்டரில் விற்பவர்கள் அதிகம். வாங்குபவர்களும் அதை அறிவார்கள். அந்த வேலையை முடித்து பில்லோடு விற்பதா, விலையைக் குறைத்து விற்பதா என்பதற்கு உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையை வைத்தே முடிவெடுங்கள். பெரும்பாலும் வாங்குபவர் மனத்தில் கழிக்கும் தொகை உண்மையான செலவைவிடப் பெரிதாக இருக்கும்.